பன்னெண்டு வீட்டில் பத்து நாள்

என் மனைவி அந்தச் செய்தியை முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே சொன்னாள்.

“நம்ம வீட்ட வாடகைக்கு விட்டுட்டு வேற எடத்துக்குப் போறோம்.”

எனக்குப் புரையேறவில்லை. ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையில் தட்ட எழுந்து வந்திருப்பாள், தண்ணீர் எடுக்கப் போயிருப்பாள், பேச்சு அப்படியே திசை மாறியிருக்கும். என் தொண்டை அன்றைக்கென்று ஒழுங்காக வேலை பார்த்தது.

“எங்க?” என்றேன்.

“மேலூர் ரோட்டுல இருந்து அழகர்கோவில் பக்கமா ஒரு பாதை பிரியுதுல்ல, அதுக்குள்ள. பதினோரு குடும்பம், ஒரு வீடு காலி. ஆளுக்கு ஒரு சின்ன வீடு. நடுவுல ஒரு பெரிய சமையக்கட்டு. சேந்து சமைச்சு சேந்து சாப்பிடுவாக. கைப்பிள்ளையில இருந்து எம்பது வயசு வரைக்கும் ஆளு இருக்கு.”

“முதியோர் இல்லமா?”

“கைப்பிள்ளைன்னு சொன்னேனே, காதுல விழுகலையா?”

“அப்ப சத்திரமா?”

“உங்க இஷ்டத்துக்குப் பேரு வச்சுக்கங்க. நான் பேசிட்டேன். பத்து நாள் தங்கிப் பாக்கச் சொல்லியிருக்காக. அவுகள நாம பாக்கணும், நம்மள அவுக பாக்கணும். பத்தாம் நாள் கூட்டம் போட்டு, எல்லாரும் சரின்னா எடம்.”

“நான் வரலைன்னா?”

சப்பி முடித்த காயைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அதை ஒரு கோடு போல நேராக வைத்தாள்.

“நீங்க வந்தா ரெண்டு பேரா போறோம். வரலைன்னா நான் ஒருத்தியா போறேன்.”

முப்பத்தோரு வருட வாழ்க்கையில் அவள் ‘போறேன்’ என்று சொன்னதெல்லாம் எழுமலையில் இருக்கும் அவள் பிறந்த வீட்டுக்கு. அதிலும் சண்டை போட்டுவிட்டுப் போனது ஒரே தடவை. அன்றைக்கும் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று போன் செய்து கேட்டாள். இந்த ‘போறேன்’ வேறு மாதிரி. இதில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் சமாதானம் செய்யலாம். முடிவு எடுத்தவளை என்ன செய்வது?

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. சிம்மக்கல்லில் பம்புசெட் உதிரி பாகங்கள் விற்கிற கடை. வில்லாபுரத்தில் மாடி வைத்த வீடு. மகள் கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள். மகன் அயர்லாந்தில் இருக்கிறான். அங்கே எப்போதும் மழை என்கிறான். நாங்கள் இங்கே எப்போதும் வெயில் என்கிறோம். அதோடு வாராந்திரப் பேச்சு முடிந்துவிடும். பிள்ளைகள் போன பிறகு வீட்டில் நாற்காலிகள் அதிகமாகிவிட்டன. அது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்குக் கடை, பதினோரு மணிக்கு டீக்கடை, மதியம் வீடு, மறுபடி கடை, மறுபடி டீக்கடை என்று ஓடிக்கொண்டிருந்தேன். அந்த டீக்கடையில் நான் வாய் திறந்தால் நாலு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அதற்காகவே சில பேர் இரண்டாவது டீ சொல்வார்கள்.

பயம் வந்தால் சிலருக்கு வேர்க்கும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்கு வாய் ஓடும். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் குழந்தையைக் கையில் கொடுத்ததும், “சிஸ்டர், பில் வேணுமா, பில் இல்லாமலா?” என்று கேட்டவன் நான். நான் பயந்ததை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அதுவே எனக்குத் தொழில் ரகசியம்.

எனவே மறுநாள் டீக்கடையில் இந்தச் செய்தியையும் நன்றாகவே விற்றேன். “பன்னெண்டு வீட்டுச் சோறாம்ப்பா. வீட்டுக்கு ஒரு ரசம். ஒவ்வொரு ரசத்துக்கும் ஒரு கருத்து சொல்லணுமாம். தப்பா சொன்னா கூட்டம் போட்டு வெளிய அனுப்பிருவாகளாம்.” எல்லாரும் சிரித்தார்கள். டீ மாஸ்டர், “அண்ணே, அனுப்பிட்டா இங்க வந்துருங்க” என்றார். எனக்கு மட்டும் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. போகாவிட்டால் அவள் போய்விடுவாள். போனால் பத்து நாள் அவகாசம். பத்து நாளுக்குள் அவளே வேண்டாம் என்று சொல்லும்படி ஏதாவது செய்தாக வேண்டும். கடையை வேலைப் பையனிடம் விட்டுவிட்டு, ஒரு பெட்டியும் என் சொந்தத் தலையணையுமாகக் கிளம்பினேன்.

அந்த இடத்துக்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் பன்னெண்டு வீடு என்றுதான் சொன்னார்கள். வயலை ஒட்டி வட்டமாகப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், வெந்நீர் வைக்க ஒரு கரண்ட் அடுப்பு. நடுவில் நாலு பெரிய அடுப்புகளோடு பொதுச் சமையல்கட்டு, அதை ஒட்டி நீளமான சாப்பாட்டுக் கூடம். கூடத்துச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை. யார் எந்த வேளைக்குச் சமையல் முறை என்று அதில் எழுதிப்போடுவார்கள். வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஐந்து நாளுக்கு ஒரு முறை. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. வர முடியாதவர்கள் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதிவிட வேண்டும். வேறு யாராவது அந்த வேலையை எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் சட்டம்.

நான் அதுவரை அடுப்பை டீ கொதிக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தியவன். பலகையில் என் பெயரும் ஏறியிருந்தது. சாக்பீஸை எடுத்து, ‘இடுப்பு விடுமுறையில் இருக்கிறது’ என்று எழுதினேன். மத்தியானம் சாப்பிட வந்தவர்கள் அதை வாசித்துச் சிரித்தார்கள். ரிட்டயர்டான பஸ் கண்டக்டர் ஒருவர் அங்கே இருந்தார், எழுபதைத் தாண்டியவர், “தம்பி, இடுப்பு எப்ப டூட்டில சேருது?” என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஆகா, இங்கேயும் நம் சரக்கு போகிறது என்று நினைத்தேன்.

ஐந்து நாள் கழித்து மறுபடி என் முறை வந்தது. ‘சமையல்கட்டுக்கு வரும் வழியில் மயில் மறித்துக்கொண்டது, பேச்சுவார்த்தை நடக்கிறது’ என்று எழுதினேன். அதற்கு இன்னும் அதிகச் சிரிப்பு. மயில் அங்கே நிஜமாகவே திரிந்தது, அதனால் பாதிப் பேர் நம்பினார்கள்.

இதற்கிடையில் என் மனைவி என்னை அதிர வைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாளே நாலு பேருக்கு ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக் கொடுத்தாள். அடுத்த வீட்டில் ஒரு இளம் நர்ஸ் இருந்தாள், மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, புருஷன் லாரி ஓட்டுகிறவர். அவளுடைய கைக்குழந்தை என் மனைவியின் இடுப்பில் ஏறியது, இறங்கவே இல்லை. நாலாம் நாள் நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் வந்தது. யாரப்பா இவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். என் மனைவி. கையில் தேங்காய் துருவி, கண்ணில் தண்ணீர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

நான் பேப்பரை மடித்தேன். முப்பத்தோரு வருடமாக ஊரையே சிரிக்க வைத்தவன், பெண்டாட்டியின் சிரிப்பைக் கேட்டு யார் வீட்டுப் பெண் என்று பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. இவள் திரும்ப மாட்டாள். நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் ஐந்தாம் நாள் மச்சானுக்குப் போன் போட்டேன்.

மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். எழுமலையில் விவசாயம். மீசையும் குரலும் ஒரே அளவில் உள்ள மனிதர். தங்கச்சி என்றால் உயிர். கல்யாணத்தன்று என் சட்டைக் காலரை நீவிவிடுகிற மாதிரிப் பிடித்து, “மாப்ள, பிள்ள கண்ணு கலங்கக்கூடாது” என்று சொன்னவர். நான் கலங்கிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இவள் கேட்பாள்.

“மச்சான், உங்க தங்கச்சி வீட்ட விட்டுட்டு ஒரு எடத்துக்கு வந்துருச்சு. முப்பத்தஞ்சு பேருக்கு நடுவுல, பொது அடுப்புச் சோறு. இனிமே இங்கதான் இருக்கப் போகுதாம். நீங்க ஒரு எட்டு வந்து பாத்து, நாலு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கொதிக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

“என்னைக்கு வரட்டும்?” என்றார்.

“புதன்கெழம வாங்க.”

“புதன் நல்ல நாளுதான். வாரேன் மாப்ள.”

நல்ல நாளா என்று அவர் ஏன் பார்த்தார் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆள் எவனும் யோசித்திருப்பான். எனக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை.

புதன்கிழமை, எட்டாம் நாள், காலை பதினோரு மணி இருக்கும். கொட்டுச் சத்தம் கேட்டது. பக்கத்து ஊரில் ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். சத்தம் நெருங்கியது. பாதை முனையில் இரண்டு வேன்கள் நின்றன. அதிலிருந்து பட்டுச் சேலைகளாக இறங்கின. கொட்டடிக்கிறவர் இரண்டு பேர் முன்னால், பின்னால் தாம்பாளத் தட்டு ஏந்திய பெண்கள். நான் எண்ணினேன். இருபத்தொரு தட்டு. தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம், சேலை, வேட்டி, பலகாரம், பித்தளைக் குடம், குத்துவிளக்கு. ஒருவர் தோளில் வாழைத்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவந்தது நாலு ஆள் உள்ளே உட்காரலாம் போன்ற ஒரு அண்டா. கடைசியில் கயிற்றில் ஒரு கிடா. எல்லாருக்கும் நடுவில் வெள்ளை வேட்டியில் மச்சான், பாதாம் மரத்தடியில் கொண்டுபோய்க் கிடாயைக் கட்டினார். அந்த மரத்தில், ‘வளர்ப்புப் பிராணிகளுக்குக் கூட்டத்தில் அனுமதி பெறவும்’ என்று ஒரு அட்டை தொங்கியது.

பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். கண்டக்டர் பெரியவர் மட்டும் பழக்கதோஷத்தில் வேனுக்குப் பக்கத்தில் போய், “எத்தன பேரு?” என்று எண்ண ஆரம்பித்தார்.

நான் ஓடினேன். “மச்சான்! என்ன மச்சான் இது?”

“என்ன மாப்ள இப்பிடிக் கேக்குறீக? தங்கச்சி புது வீட்டுல அடுப்பு பத்த வச்சிருக்கு. மொத மொத வாசல்ல கால் வைக்கிறேன். வெறுங்கைய வீசிக்கிட்டா வாரது? நாளைக்கு எழுமலையில நான் தல நிமிந்து நடக்க வேணாமா?”

“மச்சான், நான் கூப்பிட்டது கண்டிக்கிறதுக்கு…”

“அதெல்லாம் சாப்பிட்டுட்டுப் பேசுவோம். அடுப்பு எங்க இருக்கு?”

இந்தக் கேள்விதான் என்னை ஒழித்தது. பிறந்த வீட்டுச் சீர் அடுப்படியில்தான் இறங்கும். எங்களுக்குக் கொடுத்த குட்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கரண்ட் அடுப்பைப் பார்த்தார். அதற்கு முன்னால் இருபத்தொரு தட்டை எங்கே பரப்புவது? “இது அடுப்பா மாப்ள? இஸ்திரிப் பெட்டிய கவுத்துப் போட்ட மாதிரி இருக்கு” என்றார். கொட்டு மறுபடி அடித்தது. ஊர்வலம் பொதுச் சமையல்கட்டுக்குத் திரும்பியது. நாலு அடுப்பையும் பார்த்ததும் மச்சான் முகம் மலர்ந்தது. “இதுல்ல அடுப்பு!” என்றார். இருபத்தொரு தட்டும் அங்கே தரையில் இறங்கின. மச்சான் பெண்டாட்டி குத்துவிளக்கை ஏற்றினார். பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் ஊற்றி அடுப்பு மேடையில் வைத்தார்கள். என் மனைவியைக் கூப்பிட்டு நிறுத்திச் சேலையைக் கையில் கொடுத்தார்கள். அவள் அழுதுகொண்டே வாங்கினாள். நர்ஸின் குழந்தை சந்தனக் கிண்ணத்துக்குள் கையை விட்டுத் தலையில் பூசிக்கொண்டது.

நான் கதவோரம் நின்று நடப்பதைப் புரிந்துகொள்ள முயன்றேன். சீர் இறங்கிவிட்டது. இறங்கிய சீரைத் திருப்பி எடுத்துப் போவது எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில்கூட நடக்காது. முப்பத்தைந்து பேர் சாப்பிடுகிற அடுப்படியை மச்சான் இருபத்தொரு தட்டு வைத்துத் தன் தங்கச்சி வீடாக ஆக்கிவிட்டார். அவரைக் கூப்பிட்டது நான். நாளும் குறித்துக் கொடுத்தது நான்.

வந்தவர்கள் இருபத்தேழு பேர். இருப்பது முப்பத்தைந்துக்கு வெந்த சோறு. என் மனைவி சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். பத்து நிமிடத்தில் எழுமலைப் பெண்களும் பன்னெண்டு வீட்டுப் பெண்களும் ஆண்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். நல்லவேளை, கிடாவை வெட்டிச் சமைக்க அன்று நேரம் போதவில்லை. அது கண்டக்டர் பெரியவரின் செம்பருத்திச் செடியைத் தின்றுகொண்டிருந்தது.

மச்சானுக்குப் பக்கத்தில் நான் இலையில் உட்கார்ந்தேன். கடைசி முயற்சியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“மச்சான், சொந்த வீட்ட வச்சுக்கிட்டு இங்க இருக்கணுமா, நீங்களே சொல்லுங்க.”

அவர் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“அந்த வீட்டுல இனிமே என் தங்கச்சிய எப்பிடி மாப்ள விடச் சொல்றீக? சித்திர வெயில்ல நாலு மணி நேரம் மொட்ட மாடியில கெடந்துச்சே.”

“யாரு?”

“யாருன்னா? உங்க பொண்டாட்டிதான்.”

“எப்ப?”

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். அவர் கையில் இருந்த சோறு இலைக்குத் திரும்பியது.

“மாப்ள, உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். வத்தல் காயப்போட மாடிக்குப் போயிருக்கிறாள். காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்தி, உள்பக்கத் தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கிறது. போன் கீழே. செருப்பு கீழே. பதினோரு மணி. பக்கத்து வீட்டுக்காரர்கள் மகனைப் பார்க்க வெளிநாடு போயிருந்தார்கள். எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. பின் வீட்டில் ஏசி போட்டு ஜன்னலை அடைத்திருந்தார்கள். கத்தியிருக்கிறாள். பாத்திரத்தால் கைப்பிடிச் சுவரைத் தட்டியிருக்கிறாள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர அவளும் நகர்ந்திருக்கிறாள். மூன்று மணிக்குத் தண்ணீர் கேன் போடுகிற ஆள் வந்து, மேலே சத்தம் கேட்டு, திறந்து கிடந்த வாசல் வழியாக ஏறிப் போய்த் திறந்துவிட்டிருக்கிறார்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏனென்றால் அதை நான் டீக்கடையில் சொன்னேன். வழக்கமாக இரண்டு மணிக்குச் சாப்பிட வருகிறவன், ஒரு கதை நீண்டுபோய் மூன்றரைக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். சோறு ஆக்கியிருக்கவில்லை. அவள் கட்டிலில் படுத்திருந்தாள். “என்ன, சங்கத்துல ஸ்டிரைக்கா?” என்று கேட்டேன். தலைவலி என்றாள். உள்ளங்காலில் கொப்புளங்கள் இருந்தன. சுடுதண்ணீர் கொட்டிவிட்டது என்றாள். “கால்ல வெந்நி ஊத்தித்தான் சமைக்கிறியா, அதான் ரசம் அப்பிடி இருக்கா” என்றேன். புரோட்டா வாங்கிவந்து அவளுக்கும் பிய்த்துப் போட்டேன். சாயங்காலம் டீக்கடையில் நாலு பேர் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

சாப்பாடு முடிந்து வேன்கள் கிளம்பின. அடுப்படியில் இறங்காத சீர் என்பதால் கிடாயை மட்டும் மச்சான் திரும்ப ஏற்றிக்கொண்டார். பெரியவரின் செம்பருத்தி அதற்குள் குச்சியாகியிருந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால் என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். ஒரு தட்டை எடுத்துத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த தட்டு.

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை.

“சொன்னா என்ன பண்ணியிருப்பீக?”

“என்ன பண்ணியிருப்பேன்? அந்தத் தாழ்ப்பாள மாத்தியிருப்பேன்.”

“மாத்தியிருப்பீக. அதுக்கப்பறம் டீக்கடையில சொல்லியிருப்பீக. எம்பொண்டாட்டிய வத்தலோட வத்தலா காயப்போட்டேன்னு சொல்லியிருப்பீக. ஊரே சிரிச்சிருக்கும். நான் அன்னைக்கு செத்துருவேன்னு நெனச்சேங்க. அதுக்குச் சிரிப்பு வேணாம்னு இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். மோசம் என்னவென்றால், அந்த வத்தல் வரியை அவள் சொன்னவுடன், நல்ல வரி என்று என் மூளையில் ஒரு மூலை குறித்துக்கொண்டது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவள் சொன்னது சரி. அப்படியே, அதே வார்த்தைகளில்தான் நான் சொல்லியிருப்பேன்.

“இங்க கத்துனா யாருக்காச்சும் கேக்கும்,” என்றாள். “அம்புட்டுதான். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்.”

பத்தாம் நாள் சாயங்காலம் கூட்டம். சாப்பாட்டுக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முறை என்னவென்றால், ஒவ்வொருவராகச் சரி அல்லது சரியில்லை சொல்ல வேண்டும். சரியில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வந்தவர்கள் பேசலாம்.

என் மனைவி எழுந்து, “எனக்கு இங்க பிடிச்சிருக்கு. இருக்க விட்டா இருக்கேன்” என்று சொல்லி உட்கார்ந்தாள்.

நான் எழுந்தேன். இந்த இரண்டு நாளும் தூக்கம் இல்லாமல் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதில் நகைச்சுவை ஒரு துளி கூட இல்லை என்று பலமுறை சோதித்திருந்தேன்.

“எனக்குப் பயமா இருக்கு,” என்றேன். “என் வீட்டுல எம்பொண்டாட்டி கத்துனா எனக்குக் கேக்கல. அதனால நான் இங்க இருக்கணும்.”

வட்டம் முழுக்கச் சிரித்தது.

கண்டக்டர் பெரியவர் தொடையில் தட்டினார். “காதும் லீவுல போயிருச்சா தம்பி!” என்றார். மறுபடி சிரிப்பு. இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். அதற்கு இன்னும் பலமான சிரிப்பு. பின்வரிசையில் ஒருவர் கைகூடத் தட்டினார். பத்து நாளாக நான் பழக்கிய கூட்டம் அது. நான் நின்றுகொண்டே இருந்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

ஒவ்வொருவராகச் சரி சொல்லி வந்தார்கள். பெரியவர், “சீர் இறங்குன வீட்டுல இனி நாம சரி சொல்றதுக்கு என்ன இருக்கு, நாமதான் விருந்தாளி” என்றார். செம்பருத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர். கடைசியாக நர்ஸின் முறை. டூட்டி முடித்து வந்த உடுப்பிலேயே, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

“அக்காவுக்குச் சரி,” என்றாள். “அண்ணனுக்குச் சரியில்ல.”

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு தடவ உங்க முறைய நான்தான் பாத்தேன். ரெண்டு தடவையும் ராத்திரி டூட்டி முடிச்சு வந்து. நீங்க பலகையில எழுதுனத வாசிச்சு நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே ரெண்டு கிலோ வெங்காயம் உரிச்சேன். உங்களுக்குச் சமைக்கத் தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதியிருக்கலாம். யாராச்சும் சொல்லிக் குடுத்திருப்போம். உங்களுக்கு நெசமாவே இடுப்பு வலிச்சா நாளைக்கு நாங்க எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

நான் வாயைத் திறந்தேன். உள்ளே மூன்று பதில் வரிசையில் நின்றன. மூன்றும் நன்றாக இருந்தன. மூடிக்கொண்டேன்.

ஒருவர் சரியில்லை என்றால் கூட்டம் முடிவு எடுக்காது. அரை மணி நேரம் பேசினார்கள், நானும் மனைவியும் வெளியே நின்றோம். வயல் பக்கம் மயில் ஒன்று அகவியது. திரும்பக் கூப்பிட்டபோது பெரியவர்தான் சொன்னார். வீட்டை என் மனைவி பெயரில் கொடுக்கிறார்கள். என் விஷயத்தை ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

பெண்டாட்டியை இந்த இடத்திலிருந்து கிளப்பப் பத்து நாள் திட்டம் போட்டவன் நான். இப்போது என்னைத்தான் வெளியே நிறுத்தியிருந்தார்கள். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். ‘அவரு இல்லாம நான் எப்பிடி’ என்று ஆரம்பிப்பாள் என்று ஒரு நொடி நம்பினேன். அவள் சாவியை வாங்கினாள். வாங்கி, முந்தானையில் முடிந்தாள்.

“அந்த ஒரு மாசம் நான் எங்க இருக்கிறது?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

“விருந்தாளியா இருக்கலாம் தம்பி,” என்றார் பெரியவர். “மூணு நாளைக்கு மேல தங்குற விருந்தாளின்னா நோட்டுல எழுதணும். வீட்டுக்காரவுக ஒத்துக்கணும்.”

சாப்பாட்டு மேசையில் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் உட்கார்ந்து எழுதினேன். வருகிறவர் பெயர். யார் வீட்டுக்கு. உறவு முறை என்ற கட்டத்தில் ‘கணவன்’ என்று எழுதும்போது பள்ளிக்கூடத்துப் பையன் போல எழுத்து கோணியது. காரணம் என்ற கட்டம் வந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது. எழுத வந்ததெல்லாம் பழைய சரக்கு. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில், ‘சமைக்கத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று எழுதினேன். எட்டிப் பார்த்த பெரியவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எத்தனை நாள் என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, குனிந்து, நிதானமாக எழுதினாள்.

‘ஒரு மாதம். பிறகு சொல்கிறேன்.’